எரிமலை வாரத்தில் அனுஷா

குடியாத்தத்தில் கல்யாண வீடுகளில் அனுஷாவைக் கண்டால் சொந்தக்காரர்கள் மெல்ல அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறாள் என்று யாரோ சொல்லிவைத்ததால் வந்த வினை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் பாலிசி எடுக்கச் சொல்லிப் பிடித்துக்கொள்வாளோ என்று பயம். பெற்ற அம்மாவுக்கே அவள் வேலை என்னவென்று புரிய வெகுநாள் ஆயிற்று.

"வெளிநாட்டுக்கு டூர் போனவங்க அங்க ஏதாவது வில்லங்கத்துல மாட்டிக்கிட்டா போன் பண்ணுவாங்கம்மா. நான் எடுத்துப் பேசுவேன். அவ்வளவுதான்."

"பேசறதுக்கா சம்பளம் தர்றாங்க?"

"ஆமாம்மா."

அம்மா அதை நம்பவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அந்த உதவி மையம் இருந்தது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உலகத்தின் எல்லா விமான நிலையங்களின் இரைச்சலும் அனுஷாவுக்குக் கேட்கும். பெட்டி தொலைந்தவர்கள், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர்கள், பனியில் வழுக்கி எலும்பு முறிந்தவர்கள் என்று தினம் ஒரு ரகம். விமானம் ரத்தான நாட்களில் மட்டும் எல்லோரும் ஒரே ரகமாகிவிடுவார்கள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல், போனை எடுத்தவளைத் திட்டுவார்கள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. திட்டு ஓய்ந்ததும், பாலிசி நம்பரைக் கேட்பதற்கு முன்னால், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதெல்லாம் அழைப்பு நேரத்தை வீணாக்கும் பேச்சு என்று டீம் லீடர் தேஜஸ் கண்டித்தான். பிறகு அவளுடைய அழைப்புகள் மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் முடிவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டான். பசியோடு இருப்பவர்களுக்குத் தாங்கள் பசியோடு இருப்பது பெரும்பாலும் தெரிவதில்லை. யாராவது கேட்டால்தான் தெரியும். தெரிந்ததும் குரல் இறங்கிவிடும்.

அந்த வருஷம் தசரா லீவில் பாதி பெங்களூர் ஊரில் இல்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை காக்ஸ் டவுனிலிருந்து அவள் கிளம்பியபோது, ரோட்டில் உடைத்த பூசணிக்காய்கள் குங்குமத்தோடு சிதறிக் கிடந்தன. ஆபீசுக்குள் நுழைந்தபோதே சுவரில் இருந்த பெரிய திரையில் காத்திருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

"பாலி," என்றான் தேஜஸ். "பக்கத்துத் தீவுல எரிமலை வெடிச்சிருக்கு. சாம்பல் மேகம் அப்படியே ஏர்போர்ட் பக்கம் வருதாம். எல்லா ஃப்ளைட்டும் கேன்சல்."

தேனிலவுக்குப் போன பையன் ஒருவன் அழுதான். இரண்டு குழந்தைகளோடு போன அப்பா ஒருவர், எரிமலையைக் கம்பெனிதான் கொளுத்திவிட்டது போலக் கத்தினார். மதியம் தாண்டி ஓர் அழைப்பு வந்தது. எதிர்முனையில் இருந்த பெண்மணிக்குக் கூட்டத்தின் நடுவில் நின்று பேசிப் பழகிய தொண்டை.

"ஹலோ, நல்லா கேக்குதாம்மா? இங்க ஒரே சத்தம். என் பேரு மரகதம். ஃப்ளைட்டு இல்லன்னுட்டாங்க. உங்க நம்பருக்கு போடச் சொல்லி என் மருமக எழுதிக் குடுத்திருந்தா."

"சொல்லுங்கம்மா. சாப்பிட்டீங்களா?"

எதிர்முனையில் குரல் இறங்கியது. "இல்லம்மா."

மரகதத்துக்கு அல்சூரில் வீடு. சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து அந்த வருஷம்தான் ரிட்டயர் ஆனவள். கணவர் தவறி நாளாயிற்று. மகனும் மருமகளும் கனடாவில் இருந்தார்கள். அதே டிப்போவில் கூட வேலை பார்த்த ஜெயலட்சுமியோடு, வாழ்க்கையில் முதல் தடவையாக வெளிநாடு போயிருந்தாள். சர்வீசில் இருந்த காலமெல்லாம் இருவரும் திட்டம் போட்டு வைத்திருந்த பயணம் அது. கடலைப் பார்த்தாயிற்று, கோயிலைப் பார்த்தாயிற்று, ஊருக்குத் திரும்பும் நாளன்று வானத்திலிருந்து சாம்பல் கொட்டுகிறது.

அனுஷா ஒவ்வொன்றாகச் சொன்னாள். விமானம் ரத்தானதற்கு ஏர்லைன் கவுண்டரில் எழுத்து மூலமாக ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டம் கலைவதற்குள் வாங்கிவிடுவது நல்லது. பக்கத்தில் நல்ல ஓட்டல் பார்த்துத் தங்கலாம். இப்போதைக்குத் தன் கையிலிருந்து கட்டவேண்டியிருக்கும், ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தால் ஊருக்கு வந்ததும் பணம் திரும்பக் கிடைக்கும். பாலிசி நாளை முடிகிறதே என்று பயப்பட வேண்டாம். விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது தானாகவே நீண்டுகொள்ளும்.

"ஆயிது, சரி," என்று கன்னடம் கலந்து சொன்னாள் மரகதம். "அந்தக் கவுண்டர் பொண்ணப் பாத்தா பாவமா இருக்கும்மா. ஆளாளுக்கு அவ மேல பாயறாங்க. மழை நாள்ல வண்டி பிரேக்டவுன் ஆனா எங்க மேல பாயற மாதிரியே. அவளா எரிமலைய வெடிக்க விட்டா? சரி, நீ எங்கிருந்து பேசற?"

"வைட்ஃபீல்டுல இருந்தும்மா. வீடு காக்ஸ் டவுன்."

"அட, நம்ம ஊரு!" அவள் குரலில் தெம்பு வந்தது. "சரி, என் ஜோடி ஜெயாவுக்கும் இதே மாதிரி ரூம் போட்டுக்கலாம் இல்ல?"

அனுஷா கணினியில் தேடினாள். ஜெயலட்சுமி என்ற பெயரில் எதுவும் இல்லை.

விஷயம் இதுதான். டிக்கெட் எடுக்கும்போது மரகதத்தின் மருமகள் போனில் பிடிவாதமாக நின்று மாமியாருக்கு இன்சூரன்ஸ் எடுக்கவைத்தாள். மரகதத்துக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கடல் தாண்டி இருக்கும் மருமகளின் மனம் கோணக்கூடாது என்று சரி என்றாள். ஜெயலட்சுமியோ, "ஊருக்குக் கிளம்பும்போதே கெட்டது நடக்கும்னு காசு கட்டணுமா?" என்று கேட்டு வேண்டாம் என்றுவிட்டாள்.

இப்போது அவளே போனை வாங்கினாள். "ஏம்மா, எனக்கு இப்பவே ஒண்ணு போட்டு விடு. காசு கட்டிடறேன்."

"இப்ப முடியாதுங்கக்கா. இந்தியாவுல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்திருக்கணும்."

"பஸ்ல ஏறினப்புறம் டிக்கெட் கேட்டா நாங்க குடுத்தோமே! சர்வீஸ் பூரா அப்படித்தானே குடுத்தோம்?"

அனுஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னாள். "நீங்க வழியில போறப்ப குடுத்தீங்கக்கா. வண்டி நின்னுபோனப்புறம் யாராவது டிக்கெட் கேட்டாங்களா? எரிமலை வெடிச்சது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே அதுக்கு யாரும் குடுக்க மாட்டாங்க."

"நியாயம்தான்," என்றாள் ஜெயலட்சுமி. முடியாது என்று கேட்டபின் கத்தாத ஆள் அன்றைக்கு அவள் ஒருத்திதான்.

ஆனால் மறுநாள் மரகதம் சொன்னதைக் கேட்டு அனுஷாவுக்கு வருத்தமாகப் போயிற்று. ஜெயலட்சுமி ஓட்டலுக்கு வரவே இல்லையாம். உன் காசில் எனக்கு ரூம் வேண்டாம் என்று ஏர்போர்ட் தரையிலேயே துண்டை விரித்துப் படுத்திருக்கிறாள். ஒரு ரூமில் இரண்டு பேர் தங்கினால் கூடுதல் காசு கிடையாது என்று எவ்வளவு சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. காலையில் மரகதம் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள்.

"அவ அப்படித்தாம்மா. அம்மா அப்பா போனப்புறம் தம்பிய தனியா வளத்தவ. கல்யாணம் பண்ணிக்கல. யார்கிட்டயும் ஒரு டீ வாங்கிக் குடிக்க மாட்டா."

"அவங்க உடம்பு எப்படி இருக்கு?"

"சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. மாத்திரைய டூருக்குச் சரியா எண்ணி எடுத்துட்டு வந்திருக்கா. இன்னியோட தீந்துச்சு."

அனுஷா பேனாவை வைத்துவிட்டாள். "அம்மா, மாத்திரை அட்டைய போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. அதே மருந்து அங்க என்ன பேர்ல கிடைக்கும்னு எங்க டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

ஜெயலட்சுமி பாலிசி இல்லாதவள். மையத்தின் டாக்டரிடம் அவளுக்காகக் கேட்கலாமா கூடாதா என்று அனுஷா யோசிக்கவில்லை, கேட்டுவிட்டாள். டாக்டரும் பெயரைச் சொன்னார், ஆனால் அங்கே ஒரு மருத்துவர் பார்த்துத்தான் தரவேண்டும் என்றார். அங்கே மருத்துவரைத் தேடிப் போவதற்குள் ஒரு நாள் கடந்துவிட்டது. ஏர்போர்ட் தரையில் கழிந்த தூக்கமில்லாத ராத்திரி, சாம்பல் கலந்த காற்று, மாத்திரை இல்லாத உடம்பு எல்லாம் சேர்ந்துகொண்டன. அடுத்த நாள் மதியம் ஓட்டல் வாசலில் ஜெயலட்சுமி மயங்கி விழுந்தாள்.

மரகதம் போன் செய்தபோது குரலில் பழைய சத்தம் இல்லை. "ஆஸ்பத்திரியில சேத்துட்டேன்மா. மூச்சு வாங்குது. ரெண்டு மூணு நாள் வச்சுப் பாக்கணுமாம். அட்வான்ஸ் கேக்கறாங்க."

அனுஷா எழுந்து தேஜஸின் மேசைக்குப் போனாள். அவன் முழுவதையும் கேட்டான்.

"அனுஷா, அவங்க நம்ம கஸ்டமரே இல்ல. நான் என்ன பண்ண முடியும்?"

"தெரியும். கேட்டுப் பாக்கலாம்னுதான்."

அவன் சொன்னதில் தப்பில்லை என்பது அவளுக்கும் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது. கட்டிலில் படுத்திருப்பது மரகதமாக இருந்திருந்தால், ஆஸ்பத்திரிக்கு ஒரு மெயில் போயிருக்கும். மரகதம் பர்ஸைத் திறக்கவே வேண்டியிருக்காது. அனுஷா அப்படி எத்தனையோ மெயில்கள் அனுப்பியிருக்கிறாள். ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போன இரண்டு பேர். ஒருத்திக்கு எல்லாம் செய்ய முடிகிறது, இன்னொருத்திக்கு ஆறுதல் சொல்லத்தான் முடிகிறது.

"அவங்க கார்டுல கட்ட முடியாதாம்மா?"

"அவ பேங்க் கார்டு இங்க வேலையே செய்யல. என் கார்டுல இருந்தது ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் போயிட்டே இருக்கு. என் மகன்கிட்ட கேக்கலாம்னா, கேட்டா ஏர்போர்ட்டுக்கே போயிடுவேன்னு மிரட்டறா." மரகதம் குரலைத் தாழ்த்தினாள். "அவ தம்பி ரகு சிவாஜிநகர்ல துணிக்கடை வச்சிருக்கான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, மார்க்கெட் போற ரோட்டுல. அவன் நம்பர் ஜெயா போன்லதான் இருக்கு, குடுக்க மாட்டேங்கறா. தம்பிகிட்ட கை நீட்டினேன்னு இருக்கக்கூடாதாம். நீ அந்தப் பக்கம் போறவதானே? ஒரு வார்த்தை சொல்லிட முடியுமாம்மா?"

கஸ்டமர்களின் வீட்டாரை நேரில் போய்ப் பார்க்கக் கூடாது என்று ஆபீசில் விதி உண்டு. ஜெயலட்சுமி கஸ்டமர் இல்லை என்று தேஜஸே சொல்லிவிட்டானே என்று அனுஷா நினைத்துக்கொண்டாள். ஷிஃப்ட் முடிந்ததும் மெட்ரோவில் எம்.ஜி. ரோடு வரை வந்து, அங்கிருந்து நடந்தே சிவாஜிநகர் போய்ச் சேர்ந்தாள்.

தீபாவளி வியாபாரம் அப்போதே தொடங்கியிருந்தது. கறிக்கடைகளையும் பாத்திரக் கடைகளையும் தாண்டி, இரண்டு இடத்தில் விசாரித்து, கடையைக் கண்டுபிடித்தாள். சிறிய கடை. கல்லாவில் இருந்த ரகுவுக்குக் காது ஓரம் நரைத்திருந்தது. பேச்சைக் கேட்கக் கேட்க அவன் முகம் இறுகியது.

"மேடம், இந்த மாதிரி நிறைய பேர் வர்றாங்க. அக்காவுக்கு ஆக்சிடென்ட், உடனே காசு அனுப்புன்னு. போன வாரம்தான் பக்கத்துக் கடைக்காரர் ஏமாந்தாரு. நீங்க கிளம்புங்க."

அனுஷாவுக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் அவள் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். "நீங்க நம்பவேண்டாம் சார். எனக்கு ஒரு ரூபாயும் குடுக்க வேண்டாம். உங்க அக்காவ நீங்களே பாருங்க." மரகதத்துக்கு வீடியோ கால் போட்டு, போனை அவன் கையில் கொடுத்தாள்.

திரையில் முதலில் மரகதம் தெரிந்தாள். பிறகு போன் திரும்பியது. மூக்கில் குழாயோடு ஜெயலட்சுமி கட்டிலில் சாய்ந்திருந்தாள். தம்பியைக் கண்டதும் மரகதத்தைத்தான் முறைத்தாள்.

"யாரைக் கேட்டுடி அவனுக்குச் சொன்னே?"

"அக்கா," என்றான் ரகு. துணி எடுக்க வந்த இரண்டு பெண்கள் புடவையைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணுமில்லடா. சாம்பல் ஒத்துக்கல, அவ்வளவுதான். வியாபார நேரம், நீ கடையப் பாரு."

"எவ்வளவு கேக்கறாங்க?"

"நான் பாத்துக்கறேன்."

"எவ்வளவு கேக்கறாங்கன்னு கேட்டேன்க்கா." அவன் குரல் உயர்ந்தது. "எனக்கு நீ ஸ்கூல் ஃபீஸ் கட்டினியே, அப்ப நான் வெக்கப்பட்டேனா? இந்தக் கடைக்கு அட்வான்ஸ் நீதானே குடுத்தே? வாங்கறதுக்கு நான் ஆளு, குடுக்கறதுக்கு நான் ஆளு இல்லையா?"

ஜெயலட்சுமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே, "மரகதம்கிட்ட கேளு. அவ சொல்லுவா," என்றாள்.

பணம் மரகதத்தின் கணக்குக்குப் போய், அங்கிருந்து அவள் கார்டில் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. வழி முழுவதையும் அனுஷாதான் சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் முடிந்ததும் ரகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னான். எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது.

"சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க மேடம்."

"சந்தேகப்படாம இருந்திருந்தாத்தான் சார் எனக்கு பயமா இருந்திருக்கும்."

அவன் சிரித்தான். இருவரும் டீயைக் குடித்து முடித்தார்கள். அவள் எழுந்தபோது, "எங்க அக்கா என்கிட்ட இதுவரைக்கும் எதையும் கேட்டதே இல்ல," என்றான். "இன்னிக்கும் கேக்கல, பாருங்க."

காற்றின் திசை மாறி வானம் தெளிய மேலும் சில நாட்கள் ஆயின. ஜெயலட்சுமியைச் சக்கர நாற்காலியில் வைத்து விமானத்தில் ஏற்றினார்கள். அவளுக்கு அது பெரிய அவமானம் என்று மரகதம் போனில் சொல்லிச் சிரித்தாள். தேவனஹள்ளி ஏர்போர்ட்டில் ரகு குடும்பத்தோடு காத்திருந்து, அக்காவை அவள் வீட்டுக்கு விடாமல் நேரே தன் வீட்டுக்கு அழைத்துப் போனான்.

மரகதம் அனுப்பிய ரசீதுகள் வேறு பிரிவுக்குப் போயின. ஓட்டல் செலவில் பெரும்பகுதி வந்தது. ரசீது இல்லாத சாப்பாட்டுச் செலவுகளைத் தள்ளிவிட்டார்கள். ரூமில் இரண்டு பேர் தங்கியதைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. ரூம் ஒருத்தி பெயரில், ரசீது ஒருத்தி பெயரில், ரேட் ரூமுக்குத்தான் என்று மரகதம் எழுதிய பதிலைப் பார்த்து விட்டுவிட்டார்கள். ஜெயலட்சுமியின் ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் எங்கிருந்தும் திரும்பவில்லை. எரிமலைக்கோ ஏர்லைனுக்கோ அதில் பொறுப்பு இல்லை. அது முழுக்க ரகுவின் தலையில் விழுந்தது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்குப் புடவை எடுக்க அனுஷா தன் கணவன் உத்தமனோடு சிவாஜிநகர் போனாள். ரகுவின் கடையில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்துக்கு மேலாக ஒரு குரல் கணீரென்று கேட்டது.

"உள்ள போங்க, உள்ள போங்க! வாசல்லயே நின்னா எப்படி? பில் போட்டவங்க இந்தப் பக்கம் இறங்குங்க!"

கல்லாவில் ஜெயலட்சுமி உட்கார்ந்திருந்தாள். முகம் இன்னும் வாடித்தான் இருந்தது. அனுஷாவை அவள் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரகு வந்து சொன்ன பிறகுதான் யாரென்று தெரிந்தது.

"நீதானா அது?" என்று மேலும் கீழும் பார்த்தாள். "எனக்குத் தெரியாம என் தம்பிகிட்ட வந்து சொன்னவ?"

"நான்தாங்கக்கா."

"உன் மேல எனக்குக் கோபம். அப்புறம் பேசிக்கலாம்." பக்கத்தில் நின்றவருக்குச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "இவன் காசைத் திருப்பி வாங்க மாட்டேங்கறான். சண்டை போட்டுப் பாத்துட்டேன். அதான் சீசன் முடியறவரைக்கும் இங்க வந்து உக்காரறேன். இவனுக்குக் கூட்டத்தச் சமாளிக்கவே தெரியலம்மா, எப்படி இத்தனை வருஷம் கடை நடத்தினான்னே தெரியல."

ரகு அதைக் கேட்டும் கேட்காதவன் போலப் புடவைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

"அடுத்த வருஷம் மரகதமும் நானும் வியட்நாம் போறோம்," என்றாள் ஜெயலட்சுமி. "டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி உனக்குத்தான் போன் பண்ணுவேன். எது எதுக்கு குடுப்பீங்க, எது எதுக்கு குடுக்க மாட்டீங்கன்னு ஒண்ணு விடாம கேப்பேன். பொறுமையா பதில் சொல்லணும்."

"கேளுங்கக்கா. சொல்றேன்."

"சரி, சாப்பிட்டியா?"

அனுஷா இல்லை என்று தலையை ஆட்டினாள். ஜெயலட்சுமி கல்லாவைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, உள்ளே இருந்த டிஃபன் கேரியரை எடுக்க எழுந்தாள்.